165 கையெழுத்து போதுமா? சங்க அங்கீகாரம் கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: மலேசியாவின் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் 420 பேர். உள்நிறுவனச் சங்கம் (அந்த ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கு மட்டுமான சங்கம்) பதிவாகிவிட்டது. 165 பேர் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மனிதவள மேலாளர் செயலாளரைக் கூப்பிட்டு, "சங்கமெல்லாம் எதற்கு? ஒரு பணியாளர் குழு அமைத்துத் தருகிறோம், மாதம் ஒரு தடவை உட்கார்ந்து பேசலாம்" என்கிறார். அங்கீகாரக் கடிதத்தை உடனே அனுப்பலாமா, அல்லது குழுவை ஏற்றுக்கொண்டு பார்க்கலாமா?

கடிதத்தை இன்றைக்கு அனுப்ப வேண்டாம். குழுவுக்காகச் சங்கத்தைக் கைவிடவும் வேண்டாம். முதலில் கணக்கைச் சரிபாருங்கள். அங்கீகாரம் கோரித் தோற்ற சங்கங்களில் பல, ஆதரவு இல்லாமல் தோற்கவில்லை. ஆளை எண்ணியதில் தவறு, தேதியைக் கோட்டைவிட்டது, நிறுவனத்தின் பெயரைப் பிழையாக எழுதியது என்று காகிதத்தில்தான் தோற்றன.

பதிவும் அங்கீகாரமும் வேறு வேறு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் உறுப்பினர்கள் குழம்பும் இடம் இதுதான். 1959ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு கிடைத்ததும் சங்கம் என்ற ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். சம்பளம் பற்றி நிர்வாகத்தை மேசைக்கு வரவழைக்கும் உரிமை 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் வரும். இவ்விரண்டையும் மனிதவள அமைச்சின் இரண்டு தனி இலாகாக்கள் பார்க்கின்றன: பதிவைத் தொழிற்சங்க விவகார இலாகா, அங்கீகாரத்தைத் தொழிலியல் உறவு இலாகா. ஒன்றுக்குப் போக வேண்டிய கடிதத்தை மற்றொன்றுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு.

இப்போது கணக்கு. 420-இல் 165 என்றால் நாற்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு என்று தோன்றும். ஆனால் மேலே உள்ள எண்ணும் (165) தவறு, கீழே உள்ள எண்ணும் (420) தவறு.

கீழே உள்ள எண்ணிலிருந்து தொடங்குவோம். உங்கள் சங்கம் பேசக்கூடியது அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்காக மட்டும். ஏஜென்ட் மூலம் வந்து அதே லைனில், அதே நிறச் சட்டையில் நிற்பவருக்குச் சம்பளம் கொடுப்பது ஏஜென்ட் நிறுவனமாக இருந்தால் அவர் உங்கள் கணக்கில் வரமாட்டார். இதைக் கண்டுபிடிக்க ஆளைக் கேட்காதீர்கள், பலருக்கே தெரியாது. சம்பளச் சீட்டின் தலைப்பில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் (சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) சந்தா கட்டுவது யார் என்று பாருங்கள். அடுத்ததாக நிர்வாகம், எக்சிகியூட்டிவ், இரகசிய வேலை, பாதுகாப்பு என்ற நான்கு வகையினரும் சாதாரணத் தொழிலாளர் சங்கத்தின் அங்கீகார எல்லைக்குள் வரமாட்டார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, 420-இல் ஏஜென்ட் ஆட்கள் 90, எக்சிகியூட்டிவும் அதற்கு மேலும் இருப்பவர்கள், சம்பளக் கணக்குப் பார்ப்பவர்கள் சேர்ந்து 46, நிறுவனமே நேரடியாக வைத்திருக்கும் காவலர் 4 என்று வைத்துக்கொள்வோம். மீதி 280. பாதியும் ஒன்றும் என்றால் 141 தேவை. இனி மேலே உள்ள எண். கையெழுத்திட்ட 165 பேரில் 38 பேர் ஏஜென்ட் ஆட்கள், 6 பேர் எக்சிகியூட்டிவ் என்றால் உங்கள் கையில் உண்மையில் இருப்பது 121. இருபது பேர் குறைவு. 165 என்று நினைத்துக்கொண்டு கோரிக்கையை அனுப்பியிருந்தால் வாக்கெடுப்பு நாளன்று இந்த உண்மை நிர்வாகத்தின் முன்னால்தான் வெளியே வந்திருக்கும். தோற்றால் மறுநாளே திரும்பக் கோர முடியாது, காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் முன்னணியில் நின்றவர்களின் உற்சாகம் வற்றிவிடும்.

சட்டம் கேட்பது பாதிக்கு மேல். நடைமுறைக்கு அது போதாது. தகுதியுள்ளோரில் 60 முதல் 65 விழுக்காடு வரை கையில் சேர்ந்த பிறகே கோரிக்கையை அனுப்புங்கள். மேலே சொன்ன 280 பேரில் அது 168 முதல் 182 வரை. கோரிக்கைக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே மாதங்கள் ஓடும். சிலர் வேலையை விடுவார்கள். ஒப்பந்தம் முடிந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஊருக்குத் திரும்புவார்கள். சிலர் பயந்து பின்வாங்குவார்கள். வாக்கெடுப்பு நாளில் மருத்துவ விடுப்பில் இருப்பவர், இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்கப் போய்விட்டவர் என்று வராதவர்களை எல்லாம் உங்கள் கணக்கில் எதிர் ஓட்டாகவே எழுதிக்கொள்ளுங்கள். அப்படிப் போட்டும் தேறினால்தான் தேறும்.

வெளிநாட்டுத் தொழிலாளர்களை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். நேப்பாளி, வங்காளதேசி, இந்தோனேசியர் யாராக இருந்தாலும் சம்பளப் பட்டியலில் இருந்தால் அவர்களும் உறுப்பினராகலாம், எண்ணிக்கையிலும் வருவார்கள். சங்கப் பொறுப்பில் அமர்வதற்குத்தான் அவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பினாங்கின் பல தொழிற்சாலைகளில் தமிழரும் மலாய்க்காரரும் மட்டும் பேசி முடித்துவிட்டு, லைனில் பாதிப் பேராக நிற்கும் நேப்பாளிகளுக்கு ஒரு தாள்கூட அவர்கள் மொழியில் கொடுப்பதில்லை. தெரியாத ஒன்றுக்கு யாரும் துணிந்து ஆதரவு தரமாட்டார். ஹாஸ்டலில் மதிப்புள்ள ஒருவரைப் பிடித்து, ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதி வாங்குங்கள்.

எக்சிகியூட்டிவ் விவகாரத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், நிர்வாகத்தின் வேலை பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். கோரிக்கை வரப்போகிறது என்று மூக்கில் வேர்த்ததும், லைன் லீடர்கள் திடீரென்று "ஜூனியர் எக்சிகியூட்டிவ்" ஆவார்கள். சம்பளம் 150 ரிங்கிட் கூடும், புதிய கடிதம் வரும், பழைய வேலையே தொடரும். சங்கத் தலைவரும் செயலாளரும் இந்தப் பட்டியலில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சட்டமும் நிர்வாகத்துக்கு இங்கே ஓர் இடம் விட்டிருக்கிறது: உண்மையான நிர்வாகப் பதவிக்கு உயர்த்தப்படுபவர் சங்க உறுப்பினராக இருக்கக்கூடாது என்று முதலாளி கோரலாம். ஆனால் பதவி உண்மையா பெயருக்கா என்பதை முதலாளி தீர்மானிப்பதில்லை. தகராறு வந்தால் தொழிலியல் உறவு இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு செய்வார், பார்க்கப்படுவது செய்யும் வேலைதான்.

அதனால் ஒவ்வொரு லைன் லீடருக்கும் ஒரு தாள் தயார் செய்யுங்கள். ஒரு ஷிஃப்டில் அவர் என்னென்ன செய்கிறார் என்று மணி வாரியாக எழுதுங்கள். மணிக்கொரு தடவை வெண்பலகையில் உற்பத்தி எண்ணிக்கை எழுதுகிறார், பொருள் தீர்ந்தால் ஸ்டோருக்குப் போன் செய்கிறார், ஆள் வராவிட்டால் அவரே இயந்திரத்தில் நிற்கிறார். பிறகு கேள்விகள்: விடுப்பை அவர் அங்கீகரிக்க முடியுமா, அல்லது படிவத்தை மேலே அனுப்புகிறாரா? எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து யாருடையது? ஆள் எடுக்கும் நேர்காணலில் உட்காருகிறாரா? மற்றவர்களின் சம்பளம் அவருக்குத் தெரியுமா? இவற்றுக்கெல்லாம் "இல்லை" என்றால், அட்டையில் என்ன பட்டம் அச்சடித்திருந்தாலும் வாதாட உங்களுக்கு இடம் இருக்கிறது. விடுப்புப் படிவத்தின் நகல் ஒன்று, அதில் அனுமதிக் கட்டத்தில் யார் கையெழுத்து என்று தெரியும்படி கிடைத்தால், பத்துப் பக்க மனுவைவிட அது பலமாகப் பேசும்.

உறுப்பினர் படிவத்தில் என்ன இருக்க வேண்டும்? மைகாட்டில் (மலேசிய அடையாள அட்டை) உள்ளபடியே முழுப் பெயர், அடையாள அட்டை எண் அல்லது கடப்பிதழ் எண், தொழிலாளர் எண், பிரிவு, ஷிஃப்ட், பதவிப் பெயர், கையெழுத்து, தேதி. தேதியில்லாத படிவத்துக்கு மதிப்பு குறைவு. செல்லப் பெயரில் கையெழுத்துப் போட்டால் பின்னால் ஆளைச் சேர்த்துப் பார்ப்பது கஷ்டம். ஒரு நகலைத் தொழிற்சாலைக்கு வெளியே வையுங்கள். மனிதவளப் பிரிவு, "பட்டியலைக் கொடுங்கள், நாங்களே சரிபார்க்கிறோம்" என்று கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஆதரவைச் சரிபார்ப்பது இலாகாவின் வேலை. சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்க 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி ஒவ்வொருவரும் எழுத்தில் கேட்க வேண்டும். அந்தக் கடிதங்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கீகாரம் கிடைக்கும் முன் கொடுத்தால் உங்கள் உறுப்பினர் பட்டியலை நீங்களே தட்டில் வைத்து நீட்டியதாகிவிடும்.

எண்ணிக்கை தேறியதும் கோரிக்கை. இது 'படிவம் ஏ' என்று வழங்கப்படும் அரசாங்கப் படிவத்தில்தான் போக வேண்டும், சொந்தக் கடிதத் தாளில் அல்ல. முதலாளியின் பெயரை நிறுவனப் பதிவில் உள்ளபடியே எழுதுங்கள். ஒரே வாசலுக்குள் ஒரே சின்னத்தின்கீழ் இரண்டு மூன்று சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) நிறுவனங்கள் இயங்குவது பாயான் லெப்பாஸில் சர்வசாதாரணம். உற்பத்திக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று, சோதனைப் பிரிவுக்கு ஒன்று. பெயர் மாறினால் "நாங்கள் அவர்களுக்கு முதலாளி இல்லை" என்று ஒரே வரியில் பதில் வரும், நீங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எஸ்.எஸ்.எம். (நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) பதிவைச் சில ரிங்கிட் கட்டி எடுத்துப் பார்ப்பது நல்லது. படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கையில் கொடுத்தால் நகலில் பெயர், தேதி, முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அன்றிலிருந்து நாள்காட்டி ஓடும். படிவம் கிடைத்த 21 நாளுக்குள் முதலாளி அங்கீகரிக்க வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுத்தால் அந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள், பதிலே வராவிட்டால் 21 நாள் முடிந்த 14 நாளுக்குள், நீங்கள் தலைமை இயக்குநருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கோரிக்கையை நீங்களே மீட்டுக்கொண்டதாகக் கருதப்படும்.

அதிகம் கவிழ்வது இந்த 14 நாளில்தான். இருபதாவது நாள் மனிதவளத்திலிருந்து தொலைபேசி வரும்: "பெரியவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அடுத்த வாரம் வந்ததும் உட்கார்ந்து நல்ல முடிவாக எடுக்கலாம்." செயலாளரும் பண்பாடு கருதிக் காத்திருப்பார். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாகும். 36ஆவது நாள் விடியும்போது கோரிக்கை செத்திருக்கும், யாரும் மறுத்ததாகவே இருக்காது. பேச்சுவார்த்தைக்குத் தாராளமாகப் போங்கள், கேக்கும் சாப்பிடுங்கள். ஆனால் இலாகாவுக்கான கடிதத்தைக் கெடு முடியும் முன்பே கொடுத்துவிட்டுப் போங்கள். கொடுத்த பிறகு முதலாளி தாமாக அங்கீகரித்தால் யாருக்கும் நட்டமில்லை.

அந்தக் கடிதம் போனதும் இலாகா விசாரிக்கும், தேவையென்றால் ரகசிய வாக்கெடுப்பு நடத்தும். எந்தத் தேதியின் ஊழியர் பட்டியலை வைத்து எண்ணப் போகிறார்கள் என்று அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலைப் பார்க்கக் கிடைத்ததும் பெயர் பெயராக ஒப்பிடுங்கள்: போன மாதம் விலகியவர் இன்னும் இருக்கிறாரா, எக்சிகியூட்டிவ் நுழைந்திருக்கிறாரா, உங்கள் ஆள் விடுபட்டிருக்கிறாரா? ஆட்சேபம் அங்கேயே, அன்றைக்கே, எழுத்தில். வாக்கெடுப்பு முடிந்த பிறகு சொல்லும் ஆட்சேபம் தோற்றவர் புலம்பலாகத்தான் கேட்கும். முடிவு உங்களுக்குச் சாதகமாக வந்தாலும் முதலாளி உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம், அது நாளை இழுக்கும். சங்கக் கையிருப்பில் வழக்குச் செலவுக்கு ஏதாவது இருக்கட்டும்.

அங்கீகாரக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது அதற்காக வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. கோபத்தில் ஒரு ஷிஃப்ட் இயந்திரத்தை நிறுத்தினால், நிர்வாகம் தேடிக்கொண்டிருந்த ஒழுங்கு நடவடிக்கைக் காரணத்தை நாமே கையில் கொடுத்ததாகும்.

ஆள் பிடித்து மிரட்டுவது பற்றி. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலைநீக்குவது, நீக்குவேன் என்று பயமுறுத்துவது, பதவி உயர்வில் பாரபட்சம் காட்டுவது, விலகினால் சலுகை தருவதாக ஆசை காட்டுவது எல்லாமே தொழிலியல் உறவுச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் தடை. புகாரை 8ஆம் பிரிவின்கீழ் இலாகாவிடம் கொடுக்கலாம். 59ஆம் பிரிவு இத்தகைய பழிவாங்கலைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. ஆனால் "மேனேஜர் மிரட்டினார்" என்ற வாய்ப்பேச்சு எடுபடாது. கூப்பிடப்பட்டவர் அறையை விட்டு வந்ததும் ஒரு தாளில் தேதி, மணி, அறை, உடன் இருந்தவர், சொன்ன வார்த்தை அப்படியே (மலாயில் சொன்னால் மலாயில்) எழுதிக் கையெழுத்திட வேண்டும். மறுநாள் எழுதினால் வார்த்தை மாறிவிடும். உறுப்பினர் சேர்ப்பை உணவு இடைவேளையிலோ வாசலுக்கு வெளியிலோ வைத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் லைனில் படிவம் நீட்டியதற்குக் காரணம் கோரும் கடிதம் வந்தால், அது சங்கத்தைப் பற்றிய கடிதமாக இருக்காது, 'வேலை நேரத்தில் வேலை செய்யாதது' என்றுதான் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டாக மேலே போய்ச் சேரும் என்று நினைத்தே எழுதுங்கள்.

யாரையாவது வேலைநீக்கிவிட்டால் ஒரே எண்ணை நினைவில் வையுங்கள்: 60 நாள். 20ஆம் பிரிவின்கீழ் மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரும் மனுவை நீக்கப்பட்ட 60 நாளுக்குள் இலாகாவில் கொடுக்க வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்துகொண்டு இருந்தாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. 2021 ஜனவரி முதல் சமரசம் பலிக்காத வழக்குகளை அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் தலைமை இயக்குநரே தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, நல்ல சான்றிதழ் தருகிறோம்" என்றால் எழுதாதீர்கள். நீக்கப்பட்டதை நிரூபிப்பதைவிட, எழுதிக் கொடுத்த ராஜினாமா கட்டாயத்தில் எழுதியது என்று நிரூபிப்பது பல மடங்கு கடினம். வென்றாலும் வேலையின்றி இருந்த காலத்துக்கான பின்சம்பளத்துக்கு உச்ச வரம்பு 24 மாதம், பயிற்சிக்காலத் தொழிலாளிக்கு 12 மாதம். வழக்கு எத்தனை ஆண்டு இழுத்தாலும் அவ்வளவுதான்.

மேலாளர் சொன்ன பணியாளர் குழுவுக்கு வருவோம். கேன்டீன் சாப்பாடு, பஸ் நேரம், கழிப்பறை சுத்தம், புது பூட்ஸ் மாதிரி விஷயங்களுக்கு அது நன்றாகவே உதவும், அதில் உட்காருவதால் சங்கத்துக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதை அமைத்தவர் நாளைக்கே கலைக்கலாம். அதில் ஒத்துக்கொண்ட சம்பள உயர்வு கூட்டு ஒப்பந்தம் (அங்கீகாரம் பெற்ற சங்கமும் முதலாளியும் எழுத்தில் செய்துகொள்வது) ஆகாது. அதற்குச் சட்டத்தின் பின்பலமும் கிடையாது. உட்காருகிறவர் சங்க நிர்வாகியாக இருந்தால், குழுவில் பேசுவது அங்கீகாரக் கோரிக்கையைக் கைவிட்டதாக ஆகாது என்று முதல் கூட்டக் குறிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு மாற்றமும் உங்கள் கவனத்தில் இருக்க வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்து மின்னணுத் தொழிலாளர்களுக்குத் தேசிய அளவில் ஒரே சங்கம் அனுமதிக்கப்படாமலே பல பத்தாண்டுகள் போயின. 1988-இல் உள்நிறுவனச் சங்கம் என்ற கதவுதான் திறந்தது. 2024 செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்த திருத்தங்களுக்குப் பிறகு, ஒரே தொழில், ஒரே துறை என்ற பழைய வேலி போய்விட்டது, ஒரே நிறுவனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கலாம். சேர்வதற்கு நல்லது. ஆனால் நீங்கள் மும்முரமாக ஆள் சேர்க்கும்போது, நிர்வாகத்துக்குப் பிடித்த இன்னொரு சங்கம் ஒரே இரவில் முளைக்கவும் அதே கதவு வழிவிடுகிறது. இரண்டு சங்கங்கள் ஒரே தொழிலாளர்களுக்காகப் பேச முடியாது. தங்களுக்குள் ஒத்துக்கொள்ளாவிட்டால் யாருக்கு ஆதரவு அதிகம் என்பது வாக்கெடுப்பில் முடிவாகும். தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதிரி ஒரே பெரிய சங்கம் என்பதுதான் பழக்கம். தலைவர் வந்து பேசி முடிப்பார் என்று காத்திருக்கும் அந்தப் பழக்கம் இங்கே உதவாது.

அங்கீகாரம் வந்ததும் சோர்ந்துவிடாமல் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்கீழ் பேச்சுவார்த்தைக்கான அழைப்பை, உங்கள் ஒப்பந்த முன்மொழிவோடு அனுப்புங்கள். முதலாளி 14 நாளில் பதில் சொல்ல வேண்டும், ஏற்றால் 30 நாளில் பேச்சு தொடங்க வேண்டும். பதவி உயர்வு, இடமாற்றம், ஆட்குறைப்பு, வேலைநீக்கம், வேலைப் பங்கீடு போன்றவை நிர்வாகத்தின் தனி உரிமை என்று சட்டம் ஒதுக்கியிருக்கிறது. அவற்றைக் கோரிக்கையாக எழுதினால் அந்த இடத்தைக் காட்டியே மொத்தத்தையும் தள்ளிப்போடுவார்கள். அவற்றில் இடமாற்றம், ஆட்குறைப்பு, வேலைநீக்கம் பற்றிப் பொதுவான நடைமுறைக் கேள்விகளை எழுப்பலாம். ஒரு தனி ஆளின் இடமாற்றத்தை அதில் கொண்டுவர முடியாது. ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு இருக்க வேண்டும், சட்டத்துக்குக் கீழான எந்த விதியும் செல்லாது.

முதல் ஒப்பந்தத்தில் போனஸுக்காக ஆறு மாதம் சண்டை போட்டுவிட்டு, குறை தீர்க்கும் முறையைப் பழைய மாதிரிப் படிவத்திலிருந்து அப்படியே ஒட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. போனஸ் ஆண்டுக்கு ஒருமுறை, குறை வாராவாரம் வரும். எந்தக் குறையை முதலில் யாரிடம் சொல்வது, அவர் எத்தனை வேலை நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும், தராவிட்டால் தானாக யாரிடம் போகும் என்று படிப்படியாக நாள் எண்ணிக்கையோடு எழுதுங்கள். மேற்பார்வையாளருக்கு 3 நாள், பிரிவுத் தலைவருக்கு 5 நாள், மனிதவளத்துக்கு 7 நாள் என்பது சமாளிக்கக்கூடிய அளவு. "இயன்ற விரைவில்" என்ற சொல் எங்காவது இருந்தால் அடித்துவிடுங்கள்.

இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு ஒரு மாதத்துக்குள் ஒப்பந்தத்தின் நகலைத் தொழிலியல் நீதிமன்றப் பதிவாளரிடம் சேர்க்க வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்றுப் பதிவு செய்தால் அது தீர்ப்புக்குச் சமம், சங்கத்தில் சேராதவர்கள், பின்னால் வேலைக்கு வருபவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். சந்தா கட்டாதவருக்கும் உயர்வு கிடைக்கிறதே என்று சிலர் பொறுமுவார்கள், ஆனால் சட்டம் அப்படித்தான். கையெழுத்துப் போட்ட மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தை இழுப்பறையில் வைத்துவிட்டு இந்த ஒரு மாதத்தை மறந்துவிடாதீர்கள். யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதைக் கையெழுத்திடும் அன்றைக்கே ஒருவர் பெயரைக் குறிப்பிட்டுக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.